வடக்கே தலை வைக்கும் ஊரில் அறை எடுப்பது

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஊர் சேலம். 2026 ஜூன் 12 முதல் 20 வரை பாலித் தீவுக்குப் போகிறோம். எழுபத்தெட்டு வயது மாமியாரும், சென்னையில் வேலை பார்க்கும் மகளும் உடன் வருகிறார்கள். ஏஜென்ட் நான்கு ஊர்களில் நான்கு ரிசார்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். மகளோ, குடும்பங்கள் நடத்தும் ஹோம்ஸ்டேயில்தான் தங்க வேண்டும் என்று நிற்கிறாள். நாங்கள் முட்டைகூடத் தொடாத சைவம். மாமியாருக்கு மூட்டுவலி. முன்பின் தெரியாதவர் வீட்டில் போய்த் தங்கலாமா? நல்ல வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டாருக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் தேதிகளைப் பார்த்ததும் பாலிக் காலண்டரைத்தான் முதலில் எடுத்தேன். அங்கே பண்டிகைகள் பலவும் 210 நாள் கொண்ட பவுகோன் என்ற ஆண்டுக் கணக்கில் வருகின்றன. அவற்றில் பெரியது கலுங்கான். முன்னோர்கள் வீடு தேடி வருவதாக நம்பப்படும் நாட்கள் அவை. 2026-இல் கலுங்கான் ஜூன் 17, புதன்கிழமை. பயணத்தின் நட்டநடுவில் அது விழுகிறது. ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார். ரிசார்ட்டில் தங்குபவருக்கு அது வாசலில் வளைந்து நிற்கும் மூங்கில் தோரணம், ஒரு போட்டோ, அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்குபவருக்கு அந்த வாரத்தில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2019 ஜூலையில் கும்பகோணத்துக் குடும்பம் ஒன்றை உபுத் என்ற பாலி ஊருக்கு வடக்கே ஒரு வீட்டுக்கு அனுப்பினேன். அருமையான வீடு, அருமையான மனிதர்கள். அந்த ஆண்டு கலுங்கான் ஜூலை 24. அதற்கு முதல் நாள் பெனாம்பகான். அன்று விடியற்காலையில் பண்டிகைச் சமையலுக்காகப் பன்றி அறுப்பார்கள். சில ஊர்களில் தெருக்காரர்கள் ஒன்றுகூடிப் பொது இடத்தில் செய்வார்கள், சில வீடுகளில் கொல்லையிலேயே நடக்கும். ஐந்தரை மணிக்கு எனக்கு போன் வந்தது. மறுமுனையில் அந்த அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. பின்னால் கேட்ட சத்தமே எனக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது.

வீட்டார் மீது தப்பே இல்லை. நமக்குத் தீபாவளி விடியல் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. விருந்தாளிகள் முகம் வெளுத்து நிற்பதைப் பார்த்து அவர்கள்தான் பதறிப்போனார்கள். வீட்டுக்காரப் பெண்மணி கைவேலையைப் போட்டுவிட்டு, இவர்களை வயல் வரப்போடு ஒரு நடை அழைத்துக்கொண்டு போனாராம். திரும்பி வருவதற்குள் முற்றத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். காலண்டரைப் பார்க்காமல் அறை போட்ட குற்றம் முழுக்க என்னுடையது.

அதனால்தான், அறையைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பாருங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். மெத்தை, குளிர்சாதனம், நீச்சல் குளம் எல்லாம் படத்தில் தெரிந்துவிடும். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன சமைக்கிறார்கள், நீங்கள் தங்கும் நாட்களில் அங்கே என்ன விசேஷம் என்பவை படத்தில் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

முதலில் யார் இருக்கிறார்கள் என்பது. பாலியில் குடும்ப விடுதிகள் பெருகியதற்கு ஒரு வேடிக்கையான பின்னணி உண்டு. 1971-இல் ஒரு பிரெஞ்சு ஆலோசனை நிறுவனம் தீவின் சுற்றுலாவுக்குப் பெரிய திட்டம் ஒன்று தீட்டியது. வெளிநாட்டுப் பயணிகளை நூசா துவா என்ற தெற்கு முனையில் ஆடம்பர ஹோட்டல்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், ஊருக்குள் அதிகம் விடக்கூடாது என்பது அதன் சாரம். அந்த ஹோட்டல்கள் எழும்ப ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் முதுகில் பை மாட்டிய இளைஞர்கள் குத்தா கடற்கரையிலும் உபுத்திலும் வந்து இறங்க, மீனவரும் விவசாயியும் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வாடகைக்கு விட்டார்கள். லோஸ்மென் என்று அதற்குப் பெயர். இன்றைய ஹோம்ஸ்டே அதன் பேரப்பிள்ளை.

பேரப்பிள்ளைகளில் எல்லாம் ஒரே குணம் இல்லை. ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டிய பல இடங்களில் இன்று குடும்பமே கிடையாது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த வெளியாள் பத்துப் பன்னிரண்டு அறை கட்டி, மேலாளரைப் போட்டு நடத்துவார். தங்குவதற்கு அது மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் மகள் தேடுவது அது இல்லை. வீட்டோடு விடுதி நடத்தும் குடும்பங்களுக்கு அங்கே போண்டோக் விசாத்தா என்றொரு உரிமம் உண்டு, அதற்குப் பொதுவாக ஐந்து அறைதான் வரம்பு. எனவே ஐந்து அறைக்குள் இருக்கிறதா என்று முதலில் எண்ணுங்கள். பிறகு படங்களில் வீட்டுக் கோயிலைத் தேடுங்கள். பாலியில் குடியிருப்பு வீடென்றால் வளாகத்துக்குள் சங்கா என்ற சிறு கோயில் இருந்தே தீரும். எல்லாப் படங்களும் நீச்சல் குளமும் தலையணையுமாக இருந்தால் அங்கே குடும்பம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

தங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் 'வயான் மிக நல்லவர்' என்று இருப்பதை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் பிள்ளைக்கு வயான், இரண்டாவதுக்கு மதே, மூன்றாவதுக்கு நியோமன், நான்காவதுக்கு கெத்துத் என்று பிறந்த வரிசைப்படி பெயர் வைப்பது அந்த ஊர் வழக்கம், ஆணானாலும் பெண்ணானாலும். ஐந்தாவதாக ஒன்று பிறந்தால் மறுபடி வயான். தெருவில் நின்று வயான் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். 'பாட்டி தென்னங்குருத்துப் பின்னக் கற்றுக்கொடுத்தார்', 'பேத்தி ஆங்கிலப் பாடத்தைக் கொண்டுவந்து காட்டினாள்' என்ற மாதிரி வரிகள் இருக்கிறதா பாருங்கள். சம்பள மேலாளரை வைத்து அப்படிப்பட்ட வரிகளை வரவழைக்க முடியாது.

அடுத்தது மாமியாரின் மூட்டுவலி. ரிசார்ட்டை விட வீடு சுலபமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பாரம்பரிய பாலி வீட்டின் அமைப்பே மூட்டுக்கு எதிரி. தெருவிலிருந்து நாலைந்து படி ஏறினால் ஒடுக்கமான வாசல், உள்ளே இறங்கச் சில படி. இறங்கியதும் நேராகப் போக முடியாது, முகத்துக்கு எதிரே ஒரு சுவர் நிற்கும். அலிங்-அலிங் என்று பெயர். கெட்ட ஆவிகளுக்கு நேர்க்கோட்டில்தான் போகத் தெரியுமாம், அதற்காக. அதைச் சுற்றிக்கொண்டு போனால் முற்றம். முற்றத்தைச் சுற்றித் தனித்தனி மண்டபமாகக் கட்டடங்கள், ஒவ்வொன்றும் மேடை மேல். பாத்ரூமுக்கு இறங்கி ஏற வேண்டும், காலை உணவுக்கு இறங்கி ஏற வேண்டும். சில இடங்களில் குளியலறைக்குக் கூரையே இருக்காது. நிலா வெளிச்சத்தில் குளிக்க அழகுதான், பாசி பிடித்த கல்லில் எழுபத்தெட்டு வயதுக் கால் வழுக்கினால் என்ன செய்வது?

எனவே, 'மாடிப்படி உண்டா' என்று கேட்காதீர்கள். 'தெருவில் கார் நிற்கும் இடத்திலிருந்து அறைக் கட்டில் வரை மொத்தம் எத்தனை படி, கைப்பிடி எங்கெங்கே இருக்கிறது' என்று கேளுங்கள், அதை ஒரு வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான குடும்பம் என்றால் சின்னப் பையன் ஒருவன் போனைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டியே அனுப்பிவிடுவான்.

அறை முற்றத்தில் இருக்கிறதா, தெபாவில் இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். தெபா என்றால் கொல்லைப்புறம். வாழை, தென்னை, பன்றிக் கொட்டில் எல்லாம் அங்கேதான். இப்போது பல குடும்பங்கள் கொட்டிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விருந்தினருக்கென்று புது அறை கட்டியிருக்கிறார்கள். அமைதியாக இருக்கும், தனிக் குளியலறை இருக்கும், வயல் தெரியும். ஆனால் வீட்டுப் பேச்சு காதில் விழாது. மகளுக்கு முற்றம் பிடிக்கும், உங்கள் கணவருக்குத் தெபாதான் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு அறை எடுக்கப் போகிறீர்கள், ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். கொட்டில் இன்னும் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

இனி சாப்பாடு. இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். ஏமாற்றுவது யாரும் இல்லை, கேட்கும் கேள்விதான் கோளாறு. 'சைவம் கிடைக்குமா?' என்றால் 'கிடைக்கும்' என்றுதான் பதில் வரும். விருந்தாளியின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது அங்கே நாகரிகம் இல்லை. இதில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை, திருநெல்வேலிப் பக்கம் வழி கேட்டுப் பாருங்கள் தெரியும். ஆமாம் என்று ஒற்றை வார்த்தையில் முடிக்க முடியாத கேள்வியாகக் கேளுங்கள். 'சம்பாலுக்கு அரைக்கும் மசாலாவில் என்னென்ன போடுவீர்கள்?' என்று கேளுங்கள். சம்பால் என்பது அவர்களின் மிளகாய்த் துவையல். தெராசி என்ற பெயர் அந்தப் பட்டியலில் வரும். காய வைத்துப் புளிக்கவைத்த இறால் விழுது அது. நமக்குப் பெருங்காயம் மாதிரி அவர்களுக்குத் தெராசி. கீரையில் இருக்கும், தேங்காய்த் துருவல் போட்டுக் கிளறிய ஊராப் என்ற காய்கறிக் கூட்டில் இருக்கும், பார்ப்பதற்குச் சுத்த சைவமாக இருக்கும் எதிலும் இருக்கலாம்.

'தெராசி போடுவோம், உங்களுக்கு வேண்டாமென்றால் தனி உரலில் அரைத்துத் தருகிறேன், ஆனால் அதே வாணலிதான்' என்று பதில் வந்தால் அந்த வீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 'கவலையே வேண்டாம், எல்லாம் ஏற்பாடு' என்று மட்டும் வந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள். 'தன்பா தெராசி, தன்பா தெலுர்' என்ற இரண்டு சொற்றொடரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தெராசி இல்லாமல், முட்டை இல்லாமல் என்று அர்த்தம். டெம்பே என்ற சோயா அடையும் தாஹு என்ற சோயாக் கட்டியும் எங்கும் கிடைக்கும். வறுத்த டெம்பேயும் சூடான சோறும் நம் பருப்புப்பொடியும் சேர்ந்தால் ஒரு வேளை நிம்மதியாகப் போய்விடும். பொடிகளைச் சீல் வைத்த பாக்கெட்டில் எடுத்துப் போங்கள். பழம், விதை, கறிவேப்பிலை போன்ற பச்சைப் பொருட்களை எடுத்துப் போய்த் தாவர நோய்த் தடுப்புச் சோதனையில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கமிருக்கும். அங்கே அப்படி இல்லை. காலையில் ஒரு தடவை சமைத்து மூடி வைத்துவிடுவார்கள். பசித்தவர் பசித்தபோது தட்டில் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். உங்களை 'வாங்க, உட்காருங்க' என்று யாரும் பந்திக்கு அழைக்க மாட்டார்கள். மதிக்கவில்லை என்று மாமியார் வருத்தப்படக் கூடாது. போகும் முன்பே சொல்லி வையுங்கள். ஆனால் அவருக்குப் பிடிக்கப் போவதும் அந்தச் சமையற்கட்டுதான். சோறு வெந்ததும் யாரும் வாயில் வைப்பதற்கு முன்னால், கைக்கடக்கமாக நறுக்கிய வாழையிலைத் துண்டுகளில் ஒரு சிட்டிகை சோறும் உப்பும் வைத்து, அடுப்புக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று என்று வீடெங்கும் வைப்பார்கள். காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிடாத நம் பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒருமுறை ஒரு வீட்டுத் திண்ணையில் காபிக்காகக் காத்திருந்தேன். கப்பின் அடியில் பொடி மண்டியாகத் தங்கும் காபி அது, ஆறவிட்டு மேலாகத்தான் குடிக்க வேண்டும். அந்த வீட்டுப் பாட்டி, குருத்தோலையில் பின்னிய உள்ளங்கையளவுத் தட்டு ஒன்றை என் காலடிக்கருகே தரையில் வைத்தார். நாலு திசைக்கு நாலு நிறப் பூ, மேலே ஒரு பிஸ்கெட், ஓர் ஊதுபத்தி. பிறகு நுனிவிரல்களுக்கு நடுவே ஓர் அலரிப் பூவைப் பிடித்துப் புகையை மூன்று தடவை மெல்லத் தள்ளிவிட்டார். அவர் முதுகு திரும்பியதும் நாய் வந்து பிஸ்கெட்டைத் தின்றது. பாட்டி திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சாமி எடுத்துக்கொண்ட மிச்சம்தானே, யார் தின்றால் என்ன! ஊதுபத்தி எரிந்துகொண்டிருக்கும்வரை அந்தத் தட்டைத் தாண்டக் கூடாது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது குனிந்து பாருங்கள்.

துணி காயப்போடுவதிலும் கவனம் வேண்டும். கோயில் பக்கம் கூடவே கூடாது. இடுப்புக்குக் கீழே உடுத்தும் எதையும் தலைக்கு மேல் உயரத்தில் தொங்கவிட்டால் அதன் கீழே நடக்க வீட்டார் கூசுவார்கள், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். திண்ணைக் கிராதியில் புடவையை விரித்துவிடும் நம் பழக்கத்தைச் சேலத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். கொடி எங்கே என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். மாதவிலக்கு நாட்களில் கோயிலுக்குள் போகக் கூடாது என்பதும் அங்கே உண்டு. பெரிய கோயில்களில் பலகையே வைத்திருப்பார்கள். மகளுக்கு இதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். வீட்டுக் கோயிலில் வாதத்துக்கு இடமில்லை என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

இப்போது தலைப்பில் போட்ட விஷயம். தென்பாலியில் மலை வடக்கே இருக்கிறது. மலை இருக்கும் திசை சாமியின் திசை. எனவே அங்கே வடக்கே அல்லது கிழக்கே தலை வைத்துத்தான் படுப்பார்கள். கட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான் போட்டிருக்கும். உங்கள் மாமியார் அறைக்குள் நுழைந்ததும் முதலில் இதைத்தான் கண்டுபிடிப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன். 'வடக்கே தலை வைத்தா படுப்பது?' என்று கட்டிலைத் திருப்பச் சொல்வார். திருப்பித் தெற்கே தலை வைத்தால் கால் மலையைப் பார்க்கும். வீட்டாருக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தும். கிழக்கே தலை வைக்கும் கட்டிலாக ஒன்றை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், இரண்டு சாஸ்திரத்துக்கும் சரிப்படும். அந்த வீட்டுக் கோயில் இருக்கும் மூலையையும் அவருக்குக் காட்டுங்கள். வடகிழக்கு, நம் ஈசானிய மூலையேதான். கட்டில் சண்டை அதோடு ஓய்ந்துவிடும்.

சரி, உங்கள் எட்டு இரவுக்கு என் யோசனை. நான்கு ஊர் வேண்டாம். பாலிச் சாலைகளில் முப்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் பிடிப்பது சாதாரணம். நாளொரு ஊர் என்றால் காரில்தான் குடியிருப்பீர்கள். எல்லா இரவையும் ஹோம்ஸ்டேயில் கழிக்க வேண்டும் என்பதும் வேண்டாம், இதில் மகள் என்னைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் மாறி, களைத்து, ஒருவேளை நள்ளிரவில் போய் இறங்குவீர்கள். அந்நேரத்தில் ஒரு குடும்பத்தை எழுப்பிக் கதவைத் திறக்கவைப்பது உங்களுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம்.

12 முதல் 16 வரை சானூரில் லிஃப்ட் உள்ள, அல்லது தரைத்தளத்தில் அறையுள்ள சிறிய ஹோட்டல் ஒன்றில் தங்குங்கள். விமான நிலையத்துக்குப் பக்கம். கிழக்குக் கடற்கரை, அதனால் சூரிய உதயம். பவளப்பாறைத் தடுப்பு இருப்பதால் அலை அடங்கியிருக்கும். கடலோரமாகச் சமதளத்தில் நீண்ட நடைபாதை உண்டு, மாமியார் குச்சி ஊன்றிக்கொண்டு நடக்கலாம். 1966-இல் அங்கே பத்து மாடி ஹோட்டல் ஒன்றைக் கட்டி, அதைப் பார்த்து மிரண்டுதான் இனித் தென்னைமர உயரத்துக்கு மேல் எதுவும் கட்டக் கூடாது என்று தீவில் விதி கொண்டுவந்தார்கள். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது, உங்கள் கணவருக்குக் காட்டுங்கள்.

16-ஆம் தேதி பிற்பகல் சானூரை விட்டுக் கிளம்பி உபுத்தை ஒட்டிய கிராமத்து வீட்டுக்குப் போங்கள். காலையில் நடப்பதெல்லாம் அதற்குள் முடிந்திருக்கும். தெரு முழுக்கப் பெஞ்சோர் என்ற மூங்கில் தோரணங்களை நட்டுக்கொண்டிருப்பார்கள். அன்று டிரைவர்கள் பலரும் தங்கள் வீட்டு வேலையில் இருப்பார்கள், காரை ஒரு வாரம் முன்பே பேசி வையுங்கள். 17-ஆம் தேதி ஊர் சுற்றும் திட்டம் எதுவும் வேண்டாம். சிறு கடைகள் மூடியிருக்கும், அன்றைய சாப்பாட்டை முன்னாலேயே பேசி முடியுங்கள். வீட்டார் கோயிலுக்குப் போகும்போது கூப்பிட்டால் போங்கள். இடுப்பில் கச்சை கட்டாமல் உள்ளே விட மாட்டார்கள், அவர்களே கட்டிவிடுவார்கள். மறுநாள் ஊரே உறவினர் வீட்டுக்குப் புறப்படும், சாலை நெரியும். ரிசார்ட்காரர்கள் அன்றைக்குத்தான் நீர்வீழ்ச்சிக்குக் கிளம்பிப் பாதி வழியில் நிற்பார்கள். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருங்கள். வருகிற உறவினரெல்லாம் உங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசா தருகிறார்கள், முப்பது நாளுக்கு 5 லட்சம் இந்தோனேசிய ரூபியா. 2024 பிப்ரவரி 14 முதல் தலைக்கு 1,50,000 ரூபியா சுற்றுலா வரியும் உண்டு, ஆன்லைனில் முன்பே கட்டிவிடலாம். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், எந்த வீட்டிலும் பெரிய கேன் வைத்திருப்பார்கள். தெருநாயையும் குரங்கையும் கொஞ்ச வேண்டாம், 2008 முதல் தீவில் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. மகள் ஸ்கூட்டர் எடுப்பேன் என்பாள். இரு சக்கர வாகனத்துக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் இல்லாமல் எடுத்தால், விபத்தில் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். இதில் அவள் பக்கம் நான் பேச மாட்டேன். நள்ளிரவில் எங்கோ விட்டு விட்டு விசில் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். முன்பணம் கட்டி ஓடும் மின்சார மீட்டரில் காசு தீர்கிறது என்று அர்த்தம், வீட்டுக்காரரை எழுப்பலாம்.

முன்பதிவைச் செயலி வழியாகவே செய்யுங்கள். நேரில் பேசினால் குடும்பத்துக்குக் கமிஷன் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் முதல் தடவை முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்பிவிட்டுத் தூங்காமல் இருப்பதைவிட, அந்தக் கமிஷன் போகட்டும். அடுத்த முறை போகும்போது நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். பாதுகாப்பைப் பற்றிக் கேட்டீர்கள். முன்பின் தெரியாதவர் வீடு என்ற உங்கள் தயக்கம் நியாயமானதுதான். அறைக்கு உள்தாழ்ப்பாளும் தனிப் பூட்டும் உண்டா என்று கேளுங்கள், கடந்த ஆறு மாதக் கருத்துகளில் தனியாகத் தங்கிய பெண்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மகளைப் படிக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டையும் நகையையும் எந்த ஊர் விடுதியிலும் எப்படி வைத்திருப்பீர்களோ அப்படி வையுங்கள். நகை எடுத்துப் போகாமலிருந்தால் இன்னும் நல்லது.

வீட்டாரை எப்படிக் கூப்பிடுவது என்றும் மகளுக்குச் சொல்லுங்கள். உங்கள் வயதுப் பெண்மணியை இபு என்பார்கள், ஆணைப் பாக் என்பார்கள். நம் அம்மா, ஐயா மாதிரி. வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள், ஆனால் இபு என்றதும் மலரும் முகத்தை நீங்கள் பார்க்காமல் போய்விடுவீர்கள்.

கடைசியாக, என்ன வாங்கிப் போவது? இனிப்பு வேண்டாம், வெயிலுக்கு உருகி எறும்பு மொய்க்கும். பட்டுச் சால்வையும் வேண்டாம், பதிலுக்கு என்ன கொடுப்பது என்று அவர்களைத் தவிக்கவைக்கும். நல்ல சந்தன ஊதுபத்தி நாலு பாக்கெட் வாங்குங்கள். அங்கே ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு எரியும் ஊதுபத்திக்குக் கணக்கே இல்லை, பண்டிகை வாரத்தில் கேட்கவே வேண்டாம். 16-ஆம் தேதி மாலை போனவுடன் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது வலக்கையால் கொடுக்கச் சொல்லி நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை.